பிரிட்டனின் நாட்டு மட்டக்குதிரைகள்: களத்தில் குதிரையின் கோலமும் பிடித்து வருபவரின் உடையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரை, ஏதாவது ஓர் ஊரில் வேளாண் கண்காட்சி நடக்காத வாரக்கடைசி அநேகமாக இல்லை. ஆட்டுப் பட்டிக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் அடுத்தாற்போல, அந்தந்த மலைப்பகுதிக்கு உரிய மட்டக்குதிரைகளுக்கும் கயிறு கட்டி ஒரு களம் ஒதுக்கியிருப்பார்கள். வட இங்கிலாந்துக்கு நாங்கள் குடிவந்த பிறகு என் மகள் பக்கத்துப் பண்ணையின் ஃபெல் என்ற இனத்து மட்டக்குதிரை ஒன்றோடு பழகத் தொடங்கினாள். அன்று முதல் இந்தக் களங்களின் ஓரத்தில் வாளியும் துணியுமாக நிற்பதே என் கோடைக்காலம் ஆகிவிட்டது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நானே முதலில் தவறாகச் செய்து பிறகு திருத்திக்கொண்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

நாட்டு மட்டக்குதிரை என்று எவற்றைச் சொல்கிறார்கள்?

கண்காட்சி நிரலில் 'மவுண்டன் அண்ட் மூர்லாண்ட்' என்று போட்டிருக்கும். மலையிலும், மரமில்லாத மேட்டுப் புல்வெளிகளிலும் நூற்றாண்டுக் கணக்கில் மேய்ந்து உருவான இனங்கள் என்பது அதன் பொருள். பிரிட்டனிலும் அயர்லாந்திலுமாக ஒன்பது இனங்கள் பொதுவாக இதில் அடங்கும்: எக்ஸ்மூர், டார்ட்மூர், நியூ ஃபாரஸ்ட், வெல்ஷ், ஃபெல், டேல்ஸ், ஹைலேண்ட், ஷெட்லாண்ட், கொன்னமாரா. வெல்ஷ் இனத்துக்குள் மட்டும் ஏ, பி, சி, டி என்று நான்கு பிரிவுகள் உண்டு.

உயரத்தை இன்றும் 'கை'க் கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு கை என்பது 4 அங்குலம். ஷெட்லாண்ட் 42 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஃபெல் 14 கைக்குள் நிற்க வேண்டும். ஹைலேண்டும் நியூ ஃபாரஸ்டும் 148 செ.மீ. வரை போகலாம். வெல்ஷ் டி பிரிவான 'காப்' குதிரைக்கு மேல்வரம்பே கிடையாது. போட்டிகளில் எக்ஸ்மூர், டார்ட்மூர், ஷெட்லாண்ட், வெல்ஷ் ஏ, வெல்ஷ் பி ஆகியவற்றைச் சிறிய இனங்கள் என்றும் மற்றவற்றைப் பெரிய இனங்கள் என்றும் பிரித்து நிறுத்துவது வழக்கம்.

அலங்காரமே கூடாது என்கிறார்களே, அது ஏன்?

நம் ஊர்க் கோயில் குதிரைக்கும் ஊர்வலக் குதிரைக்கும் சலங்கை, குஞ்சம், பட்டு என்று போட்டுப் பழகிய கண்ணுக்கு இது முதலில் வறட்சியாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் இந்தக் களத்தில் நடுவர் தேடுவது இன அடையாளத்தை. அந்த அடையாளத்தில் பாதி மயிரில்தான் இருக்கிறது.

எக்ஸ்மூர் மட்டக்குதிரையின் வாலடியைக் கையால் விலக்கிப் பார்த்தால் இது விளங்கும். வாலின் நீண்ட மயிருக்கு மேலே, அடிப்பகுதியில் குட்டையான முரட்டு மயிர் விசிறிபோல விரிந்து கிடக்கும். மழையும் பனியும் அதன்மேல் விழுந்து இரு பக்கமும் வழிந்து போய்விடுவதால், குதிரையின் பின்தொடையிடுக்கு நனையாமல் இருக்கும். கூரையின் இறவாணம் செய்யும் அதே வேலை. பளபளப்பான காட்சிக் குதிரைகளுக்குச் செய்வதுபோல அந்த மயிரைப் பிடுங்கி வாலடியை ஒல்லியாக்கினால், பார்ப்பதற்கு நேர்த்தியாக இருக்கலாம். ஆனால் எக்ஸ்மூர் வெட்டவெளியில் பிழைத்ததற்குக் காரணமான ஓர் உறுப்பையே அழித்ததாகிவிடும். ஃபெல் குதிரையின் குதிகால் மயிரும், ஷெட்லாண்டின் அடர்ந்த நெற்றிமயிரும் இப்படியே அவை வாழ்ந்த இடத்தின் மழைக்கும் காற்றுக்கும் ஈடுகொடுக்க வந்தவைதான். ஆகவே 'இயல்பான நிலை' என்ற விதியைச் சோம்பேறித்தனத்துக்குக் கிடைத்த அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வெட்டாமலும் பின்னாமலும் விட்ட மயிரைச் சிக்கில்லாமல் காட்டுவது, பின்னிக் காட்டுவதைவிடக் கூடுதல் வேலை என்பதை முதல் பருவத்திலேயே தெரிந்துகொள்வீர்கள்.

பிடரி மயிரைப் பின்னலாமா?

பின்னக் கூடாது. வேட்டைக் குதிரை, காட்சி மட்டக்குதிரை ஆகிய பிரிவுகளில் பிடரியைச் சிறு சிறு உருண்டைகளாகப் பின்னித் தைப்பார்கள். நாட்டு இனங்களில் பிடரியும் வாலும் அவிழ்ந்தே இருக்க வேண்டும். வெல்ஷ் குதிரைகளைக் கையில் பிடித்துக் காட்டும்போது, காதுக்குப் பின்னால், தொண்டையின் வளைவு தெரியும்படி ஒரே ஒரு மெல்லிய பின்னல் இடும் பழக்கம் மட்டும் விதிவிலக்காக உண்டு. அதை மற்ற இனங்களுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

முந்தின நாள் இரவு ஈர மயிரைப் பின்னி வைத்துக் காலையில் அவிழ்க்கும் யோசனை பலருக்கும் வரும். எங்கள் வீட்டிலும் வந்தது. மறுநாள் களத்தில் அந்த ஃபெல் குதிரையின் பிடரி, அழகுநிலையத்தில் சுருட்டிவிட்டதுபோல அலை அலையாக நின்றது. நடுவர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

2022 செப்டம்பர் 19 அன்று இரண்டாம் எலிசபெத் அரசியின் இறுதி ஊர்வலம் விண்ட்சர் கோட்டைக்குச் செல்லும் 'லாங் வாக்' என்னும் நீண்ட பாதையில் போனபோது, அவர் சவாரி செய்த எம்மா என்ற ஃபெல் குதிரையைப் பாதையோரம் நிறுத்தியிருந்தார்கள். உலகமே பார்த்த அந்தக் காட்சியிலும் பிடரியில் பின்னல் இல்லை, குஞ்சம் இல்லை. சேணத்தின்மேல் அரசியின் தலைத்துணி ஒன்று மட்டும் கிடந்தது. இந்த மரபின் மனநிலையைக் கேட்பவர்களுக்கு அந்தப் படத்தைத்தான் நான் காட்டுவது.

அப்படியானால் எந்த இனத்தில் எவ்வளவு வெட்டலாம்?

மேலோட்டமாக இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளலாம். எக்ஸ்மூர், ஃபெல், டேல்ஸ், ஹைலேண்ட், ஷெட்லாண்ட் ஆகியவற்றில் கத்தரிக்கோலுக்கு அநேகமாக வேலையே இல்லை. கொன்னமாரா, நியூ ஃபாரஸ்ட், டார்ட்மூர், வெல்ஷ் ஏ, வெல்ஷ் பி ஆகியவற்றில் தாடையோரம், காதின் வெளிவிளிம்பு, குதிகால் ஆகிய இடங்களில் லேசாகச் சீர்செய்வது ஏற்கப்படுகிறது. 'லேசாக' என்றால், வெட்டியது தெரியக் கூடாது என்று பொருள்.

முதல் கூட்டத்துக்குள்ளும் வேறுபாடு உண்டு. எக்ஸ்மூரின் கால்களில் நீண்ட தொங்குமயிர் இருக்காது. ஹைலேண்டின் காலில் பட்டுப்போன்ற மயிர் இறங்கி வந்து கணுவின் பின்னால் ஒரு குஞ்சமாக முடியும். ஃபெல் குதிரையில் குதிகாலின் முனையில் உள்ள மயிர் நிலைத்திருக்கும். மற்ற மென்மயிர் கோடையில் உதிர்ந்துபோகலாம் என்று அந்த இனத்தின் இலக்கணமே சொல்கிறது. அதனால் ஜூலை மாதத்தில் மெலிந்த கால்மயிரோடு நிற்கும் ஃபெல்லைப் பார்த்து யாரோ வெட்டிவிட்டார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். வெல்ஷ் சி, டி பிரிவுகளில் ஓரளவு மென்மயிர் இருக்கலாம். வண்டிக்குதிரையின் முரட்டுக் கற்றை ஆகாது.

வால் தரையில் இழுபட்டு, பின்னால் நகரும்போது குதிரையே அதை மிதித்து அறுத்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தால் நுனியைச் சற்றுக் குறைக்கலாம். நேர்கோடாக வெட்டாமல், கத்தரியைச் செங்குத்தாகப் பிடித்து நுனியைக் கலைத்து வெட்ட வேண்டும்.

முகவாயில் உள்ள உணர்மயிரை மழிப்பது முன்பு பரவலாக இருந்தது. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் 2021 முதல் அதைத் தடை செய்திருக்கிறது. உள்ளூர்க் கண்காட்சிகள் வேறு அமைப்புகளின் கீழ் நடப்பவை என்றாலும், குதிரை இருட்டில் தீவனத்தைத் தடவி அறிய உதவும் மயிரை அழகுக்காக எடுப்பது தேவையில்லை என்பதே என் கருத்து.

கண்காட்சிக்கு முன் எப்படிக் குளிப்பாட்ட வேண்டும்?

எல்லாக் குதிரையையும் முழுக்க ஷாம்பூ போட்டுக் கழுவ வேண்டும் என்பதில்லை. சோப்பு தோலின் இயற்கை எண்ணெயை எடுத்துவிடுவதால், கழுவிய மறுநாள் மயிர் பஞ்சுபோல எழுந்து நிற்கும். எக்ஸ்மூர் போன்ற கனத்த மயிருள்ள இனங்களுக்கு நல்ல தூரிகையும் கைவலிக்கத் தேய்க்கும் பொறுமையும் போதும். கறுத்த ஃபெல் குதிரைக்கு வெயிலும் வியர்வையும் எதிரி. இரண்டும் சேர்ந்தால் கறுப்பு துருநிறமாக மாறும். எனவே வேலை முடிந்ததும் வியர்வையை வெறும் நீரால் கழுவிவிடுவது, கண்காட்சிக்கு முந்தின நாள் செய்யும் எந்த வேலையையும்விடப் பயன் தரும்.

கால்மயிர்தான் பெரிய வேலை. சேற்றிலிருந்தும் பூச்சியிலிருந்தும் அதைக் காக்க, கனிம எண்ணெயில் கந்தகத் தூளைக் குழைத்துத் தடவுவது இங்குள்ள பழைய கைவழக்கம். ஊர்நினைவு வேண்டுமென்றால் அந்த டப்பாவைத் திறந்தால் போதும், தீபாவளிக்கு மறுநாள் காலைத் தெருவின் வாசனை வரும். சில குதிரைகளுக்கு அது ஒவ்வாது. முதலில் சிறிதளவு ஓரிடத்தில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு மேலே செல்ல வேண்டும். தோல் வெளுத்த கால்களில் எண்ணெயோடு கடும் வெயிலில் விடக் கூடாது. கண்காட்சிக்குச் சில நாள் முன்பே இதைக் கழுவி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தூசியும் மஞ்சள் கறையும் ஒட்டிக்கொண்டு நிற்கும். கழுவிய வெள்ளைக் கால்மயிரைச் சன்னமான மரத்தூள் போட்டு உலர்த்தி, காய்ந்தபின் துலக்கி உதறினால் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகப் பிரிந்து விழும். வெல்ஷ் காப் வளர்ப்பவர்களும் பாரவண்டிக் குதிரை வளர்ப்பவர்களும் செய்வது இது.

குளம்புக்கு நிறமில்லாத எண்ணெய் போதும். கறுப்புச் சாயம் வேண்டாம். கண், மூக்கைச் சுற்றி மை, மினுக்கெண்ணெய் பூசுவதும், சீப்பால் பின்தொடையில் சதுரம் சதுரமாகக் கோலமிடுவதும் மற்றப் பிரிவுகளுக்கு உரியவை. இங்கே செய்தால் இனம் தெரியாதவர் என்றுதான் நினைப்பார்கள்.

தலையில் எதை மாட்ட வேண்டும்? வெள்ளைக் கயிறா, தோல் கடிவாளமா?

சவாரி இல்லாமல் கையில் பிடித்துக் காட்டும் பிரிவில்தான் இந்தக் கேள்வி எழும். ஃபெல், டேல்ஸ், ஹைலேண்ட் ஆகிய இனங்களின் பெண் குதிரைகளையும் இளங்குதிரைகளையும் வெள்ளைப் பருத்திப் பட்டையாலான தலைக்கயிற்றில் கொண்டுவருவது பழைய வழக்கம். பண்ணையாட்களிடம் எப்போதும் இருந்த பொருள் அதுதான். சந்தைக்கு ஓட்டிப் போகும்போதும் அதுதான். கறுத்த முகத்தில் அந்த வெள்ளைப் பட்டை பளிச்சென்று நிற்பதற்கு ஈடாக எந்தப் பித்தளையும் இல்லை என்பேன். தாடைக்கு அடியில் கயிறு ஓடுமிடத்தில் ஒரு முடிச்சுப் போடுங்கள்; போடாவிட்டால், குதிரை பின்வாங்கும்போது கயிறு இறுகி மூக்கை நெரிக்கும்.

அந்தப் பட்டையை வெள்ளையாக வைத்திருப்பது தனிக்கலை. பழைய காலுறைக்குள் போட்டு முடிந்து சலவை இயந்திரத்தில் இட்டால் இரும்பு வளையம் இயந்திரத்தைக் கெடுக்காது. கடைசி அலசலில் வேட்டிக்குப் போடுவதுபோல இரண்டு துளி சொட்டு நீலம் விட்டுப் பார்த்தேன்; பண்ணைக்காரம்மா அந்தப் புட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டு வயதும் அதற்கு மேலும் ஆன பொலிகுதிரைகளுக்கு வெறும் தலைக்கயிறு போதாது. வாயிரும்போடு கூடிய கடிவாளம் வேண்டும். இது கோலத்துக்காக வந்த விதி அல்ல, பாதுகாப்புக்காக வந்தது. வெல்ஷ் காப் பொலிகுதிரைகளின் அகன்ற தோல் கடிவாளமும், பித்தளைப் பூணும், வயிற்றைச் சுற்றிய பட்டையும்தான் இந்த எளிய உலகத்தில் கொஞ்சம் ஆடம்பரமாகத் தெரிபவை. மற்ற இனங்களுக்குப் பழுப்புத் தோலில், சதைப்பற்றுள்ள தலைக்கு ஏற்ற அகலத்தில், சாதாரணக் கடிவாளம் நன்றாக இருக்கும். ஷெட்லாண்டின் சின்ன முகத்தில் அகலப் பட்டை போட்டால் முகமே மறைந்துவிடும்.

சவாரிப் பிரிவில் சேணம் எப்படி இருக்க வேண்டும்?

தோள் அசைவு தெரியும்படி முன்புறம் நேராக வெட்டிய, பழுப்பு நிறச் சாதாரணச் சேணம். அதன்கீழ் துணி போடுவதானால் சேணத்தின் வடிவிலேயே, வெளியே துருத்தாமல் இருக்கட்டும். நெற்றிப்பட்டை வெறும் தோலாக இருக்க வேண்டும். நிறநிறமாக வெல்வெட் சுற்றிய நெற்றிப்பட்டை காட்சி மட்டக்குதிரைக்கு உரியது. தொடக்க நிலையிலும் சிறுவர் பிரிவுகளிலும் ஸ்னாஃபிள் என்னும் எளிய வாயிரும்பு. முதிர்ந்த குதிரைகளின் திறந்த பிரிவில் பெல்ஹாம் என்னும் வேறுவகை வாயிரும்போ இரட்டைக் கடிவாளமோ காணலாம்.

குதிரையைப் பிடித்து வருபவர் என்ன உடுத்த வேண்டும்?

ட்வீட் கோட்டு அல்லது அதே துணியிலான கையில்லாக் கோட்டு, கழுத்துப்பட்டி வைத்த சட்டை, டை, மணல் நிறத்தில் அல்லது இளம்பழுப்பில் கால்சட்டை, கையுறை, ஓடக்கூடிய காலணி, கையில் ஒரு மெல்லிய பிரம்பு. தலையில் ஆண்கள் பெரும்பாலும் தட்டைத் தொப்பியும், பெண்கள் சிறு விளிம்புள்ள கம்பளித் தொப்பியும் அணிவார்கள். இளங்குதிரை முன்கால் தூக்கும் பழக்கம் உள்ளதாக இருந்தால் தலைக்கவசமே அணியுங்கள். அதற்காக யாரும் உங்களைத் தாழ்த்த மாட்டார்கள்.

ட்வீட் என்பது கம்பளி நூலைச் சாயமேற்றிக் கலந்து நெய்த கனத்த துணி. அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள்: தூரத்தில் வெறும் பழுப்பாகத் தெரிவதற்குள் மஞ்சள், ஊதா, பாசிப்பச்சை இழைகள் கலந்திருக்கும். இலையுதிர்காலத்து மலைச்சரிவின் நிறங்கள் அவை. ஸ்காட்லாந்தின் பெரிய நிலக்கிழார்கள் தங்கள் மலையின் நிறத்துக்கேற்பத் தனித்தனி ட்வீட் நெய்வித்து, மான்வேட்டைக்கு வழிகாட்டும் பணியாட்களுக்கு உடுத்தக் கொடுத்தார்கள். சுட்ட மானை மலையிலிருந்து சுமந்து இறக்கியது ஹைலேண்ட் மட்டக்குதிரை. ஆகவே ஹைலேண்டின் பக்கத்தில் ட்வீட் அணிந்து நிற்பவர், அந்தக் குதிரையோடு ஒரு காலத்தில் மலையேறியவரின் உடையில்தான் நிற்கிறார்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது குதிரையின் நிறத்தைப் பாருங்கள். கறுத்த ஃபெல்லுக்குப் பச்சை கலந்த ட்வீட், மங்கிய மஞ்சள் ஹைலேண்டுக்குப் பழுப்பு, வெள்ளைச் சாயல் கொன்னமாராவுக்குச் சற்று ஆழ்ந்த நிறம் நன்றாக அமையும். கால்சட்டை விஷயத்தில் ஒரு நுட்பம் உண்டு. நடுவர் குதிரையின் கால்களைப் பக்கவாட்டில் பார்க்கும்போது உங்கள் கால்களும் அதே வரிசையில் அசையும். கறுத்த குதிரையின் பக்கத்தில் கறுத்த கால்சட்டை அணிந்து ஓடினால், ஆறு கால் உள்ள ஒரு பிராணி ஓடுவதுபோல இருக்கும்.

வெல்ஷ் காப் பிரிவில் மட்டும் ஆட்கள் விளையாட்டு வீரர்களைப்போல ஓடுகிறார்களே?

அதற்குத்தான் கூட்டமே வருகிறது. வேல்ஸில் பில்த் வெல்ஸை ஒட்டிய லானெல்வெத்தில் ஜூலை மாதம் நடக்கும் ராயல் வெல்ஷ் கண்காட்சியில், காப் பொலிகுதிரைகள் களமிறங்கும் நாளில் படிக்கட்டுகளில் இடம் கிடைக்காது. முழங்காலை மார்புக்குத் தூக்கிப் பாயும் துள்ளோட்டம்தான் இந்த இனத்தின் பெருமை. கார்டிஃப் நகரிலிருந்து டவ்லைஸ் என்ற ஊர் வரை, பெரும்பாலும் ஏற்றமான சாலையை, மூன்று மணி நேரத்துக்குள் ஓடிக் கடப்பதே முற்காலத்தில் நல்ல காப்பின் சோதனை என்று சொல்வார்கள். அந்த ஓட்டத்தைக் காட்டக் குதிரையின் பக்கத்தில் மனிதனும் ஓட வேண்டியிருக்கிறது. அதனால் இங்கே கோட்டைக் கழற்றிவிட்டு, சட்டையும் டையும், பிடிமானமுள்ள ஓட்டக் காலணியும் அணிந்து வருபவர்களைக் காணலாம். டை மட்டும் கழுத்தை விட்டு இறங்காது.

மற்றப் பிரிவுகளில் தோலடிக் காலணி அணிந்து ஈரப் புல்லில் ஓட முயன்று நான் ஒருமுறை களத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். குதிரை நின்று என்னைக் குனிந்து பார்த்தது. அடிப்பகுதியில் ரப்பர் பிடிமானம் உள்ள பழுப்புக் காலணி வாங்குங்கள்.

களத்தில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? பிரம்பு எந்தக் கையில்?

குதிரையின் இடப்பக்கம் நின்று, வலக்கையில் கயிற்றையும் இடக்கையில் கயிற்றின் மிச்சத்தையும் பிரம்பையும் பிடித்துக்கொள்ள வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. திரும்பும்போது குதிரையை உங்களிடமிருந்து விலக்கி வலப்பக்கமாகத் திருப்புங்கள். உங்கள் பக்கம் இழுத்தால் உங்கள் காலை மிதிக்கும், அதன் நடையும் குலையும். நிறுத்தும்போது நான்கு கால்களும் நடுவரின் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிய வேண்டும். நடுவர் எந்தப் பக்கம் போகிறாரோ அதற்கு எதிர்ப்பக்கமாகச் சற்று விலகி, குதிரையை மறைக்காமல் நில்லுங்கள்.

சவாரி செய்பவரின் உடை?

ட்வீட் கோட்டு, வெளிர்நிறச் சட்டை, டை, மங்கிய மஞ்சள் அல்லது மணல் நிற ஜோத்பூர் கால்சட்டை, தோல் கையுறை, சாதாரணப் பிரம்பு. சிறுவர்களுக்குக் கணுக்கால் வரையிலான பழுப்புக் காலணி. பெரியவர்களுக்கு முழங்கால் உயரக் காலணி. தலைக்கவசம் நடப்புத் தரச்சான்று பெற்றதாக இருக்க வேண்டும், பி.ஏ.எஸ். 015 போன்ற முத்திரை உள்ளே இருக்கிறதா என்று நுழைவாயிலிலேயே பார்ப்பார்கள். விழுந்து அடிபட்ட கவசத்தை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், மறுபடி பயன்படுத்தக் கூடாது.

அந்தக் கால்சட்டையின் பெயரைக் கவனித்தீர்களா? ராஜஸ்தானத்து ஜோத்பூரிலிருந்து சர் பிரதாப் சிங் 1897இல் விக்டோரியா அரசியின் வைரவிழாவுக்குத் தம் போலோ அணியோடு வந்தபோது இங்கிலாந்து இந்த வெட்டை விரும்பி எடுத்துக்கொண்டது. 'எல்லாமே இவர்கள் உடைதானே' என்று தயங்கும் நம் பிள்ளைகளுக்கு நான் இதைச் சொல்வதுண்டு.

சிறு குழந்தை சவாரி செய்ய, பெரியவர் கயிறு பிடித்து நடக்கும் பிரிவில் என்ன வேறுபாடு?

உடையில் இருவரும் ஒத்துப்போனால் பார்க்க அழகு. ஒரே ட்வீட்டில் தைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நடத்தும் கயிற்றை வாயிரும்பில் மாட்டாமல் மூக்குப்பட்டையில் மாட்ட வேண்டும். குழந்தையின் கை வாரில் இருக்கும்போது இன்னொருவர் வாயை இழுப்பது குதிரைக்குத் துன்பம். தாய்மார்கள் பெரிய தொப்பி அணிந்து வந்து, குழந்தையும் குதிரையும் பின்னால் தொலைந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெண் குழந்தைக்குச் சடை நீளமாக இருந்தால் மடித்து வலைக்குள் செருகிவிடுங்கள். ரிப்பன் கோட்டின் நிறத்தில் இருக்கட்டும்.

வளையல், ஜிமிக்கி, பொட்டு, புடவை?

பொட்டு வைத்துக்கொள்ளுங்கள், அதனால் யாருக்கும் ஒன்றும் இல்லை. மற்றவை வேண்டாம் என்பேன், காரணம் முழுக்கப் பாதுகாப்பு. மோதிரத்தில் கயிறு மாட்டினால் விரல் போகும். தொங்கும் காதணியைக் குதிரை ஒரே தலையசைப்பில் பிய்த்துவிடும். தாலிக்கொடியைச் சட்டைக்குள் போட்டு மேல் பொத்தானையும் டையையும் கட்டிவிட்டால் தொல்லை இல்லை. எங்கள் முதல் கண்காட்சியில் நான் கண்ணாடி வளையல்களோடு கயிற்றைப் பிடித்தேன். ஓடத் தொடங்கியதும் அவை கலகலத்தன. அந்த ஓசையைக் கேட்டறியாத பக்கத்துக் குட்டி தாயைச் சுற்றி இரண்டு வட்டம் அடித்துக் களத்தையே கலைத்தது. புடவையும் துப்பட்டாவும் காற்றில் பறக்கும், காலில் சிக்கும். ஓட வேண்டிய இடத்தில் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது. பார்வையாளராக வரும்போது விருப்பம்போல உடுத்துங்கள். களத்தின் கயிற்றிலிருந்து இரண்டடி தள்ளி நின்றால் போதும்.

உடைக்கு நடுவர் எவ்வளவு மதிப்புக் கொடுப்பார்?

கையில் பிடித்துக் காட்டும் பிரிவில் நடுவர் பார்ப்பது இன அடையாளம், உடலமைப்பு, நடை ஆகியவற்றைத்தான். எவ்வளவு விலையுயர்ந்த கோட்டும் கோணலான பின்காலை நேராக்காது. ஆயினும் அழுக்குக் காலணியும் சுருங்கிய சட்டையும் நடுவருக்கும் எதிராளிக்கும் செய்யும் அவமரியாதையாகவே கருதப்படும். புதிய ட்வீட் கோட்டு விலை அதிகம். பண்ணை ஊர்களின் தொண்டுக் கடைகளில் நல்ல பழைய கோட்டுகள் தொங்கும். தோள் சரியாக இருந்தால் வாங்குங்கள், கையின் நீளத்தைத் தையற்காரர் சரிசெய்துவிடுவார். பிள்ளைகள் வளர வளர இவை கைமாறிக்கொண்டே இருக்கும். என் மகள் இப்போது அணிவதன் உட்பையில் முன்பு அணிந்த யாரோ வைத்து மறந்த, காய்ந்த கேரட் துண்டு ஒன்று இருந்தது.

மழை வந்தால்?

வரும். ட்வீட் பிறந்ததே மழைக்குத்தான். நனைந்தாலும் சூடு விடாது. களத்துக்குள் பளபளக்கும் நெகிழி மழைக்கோட்டோ குடையோ வேண்டாம், குதிரைகள் மிரளும். வரிசையில் நிற்கும் நேரத்தில் உதவ ஒருவர் துண்டோடு வெளியே காத்திருக்கலாம். நடுவர் அனுமதிக்கும்போது அவர் உள்ளே வந்து முதலில் கடிவாளத்தையும், பிறகு குதிரையின் முகத்தையும், நேரம் மிச்சமிருந்தால் உங்கள் காலணியையும் துடைக்கட்டும்.